ஆர்டிஇ சீட்: விண்ணப்பம் போடுமுன் பார்க்க வேண்டிய பணக் கணக்கு

ஏப்ரல் வந்தால், மூன்று வயது முடிந்த பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி, "ஆர்டிஇ-ல போட்டாச்சா?" என்பதுதான். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) தனியார் பள்ளியில் கிடைக்கும் இலவச இடத்துக்கு விண்ணப்பம் போட்டாச்சா என்று அர்த்தம். போட்டுவிடுவார்கள். குலுக்கலில் பெயர் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் கடனை உடனை வாங்கி ஃபீஸ் கட்டுவது. இந்த சீட்டுக்குப் பணம் யார் தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள், எப்போது தருகிறார்கள் என்று பெரும்பாலோர் விசாரிப்பதில்லை. ஆனால் பள்ளி நிர்வாகம் உங்களிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்வது அந்தக் கணக்குதான்.

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 12(1)(சி), அரசிடம் உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிவடைந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்கி, எட்டாம் வகுப்பு வரை இலவசமாகப் படிக்கவைக்க வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. (2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பு சரியா என்று சந்தேகம் எழுப்பி, தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது.) ஊரில் பேர்பெற்ற கான்வென்ட்டில் ஆர்டிஇ கிடையாது என்று சொன்னால் அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை, சிறுபான்மை அந்தஸ்து இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சிபிஎஸ்இ என்பதால் விலக்கு என்று சொன்னால் அது தவறு. பாடத்திட்டத்தை வைத்து சட்டம் யாருக்கும் விலக்குத் தரவில்லை.

இனி பணம். பள்ளிக்கு அரசு திருப்பித் தர வேண்டிய தொகையைப் பிரிவு 12(2) வரையறுக்கிறது. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை ஒன்று. அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம் இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். முதல் தொகையை வகுப்புவாரியாக அரசாணையில் அறிவிப்பார்கள். இரண்டாவது, பள்ளி வாய்க்கு வந்தபடி சொல்லும் தொகை அல்ல. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளிவாரியாக நிர்ணயித்த கட்டணம்தான் அது.

எடுத்துக்காட்டுக்கு, எல்கேஜிக்கு அரசின் தொகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் இருக்கும் நர்சரி பள்ளிக்குக் குழு நிர்ணயித்த கட்டணம் 9,000 என்றால் அரசு 9,000 தரும். அந்தப் பள்ளிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பைபாஸ் ரோட்டில் ஏசி வகுப்பறை போட்டிருக்கும் பள்ளியின் கட்டணம் 35,000 என்றால் அதற்கும் 12,000தான். மீதி 23,000 பள்ளியின் தலையில். அதைப் பெற்றோரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை.

பல விஷயங்கள் இங்கேயே விளங்கிவிடும். சின்னப் பள்ளிகள் ஆர்டிஇ பிள்ளைகளை வீடுதேடி வந்து அழைக்கும். அவர்களுக்கு அது உறுதியான வருமானம், சில பள்ளிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. பெரிய பள்ளி "சீட் முடிந்துவிட்டது" என்று கையை விரிக்கும், அல்லது சேர்த்துக்கொண்டு அந்த 23,000ஐ வேறு வேறு பெயரில் பிடிக்கப் பார்க்கும். பணம் வருவதற்குத் தாமதமானால் முதலில் மூச்சுத் திணறுவது சின்னப் பள்ளிதான். அப்படித் திணறும் பள்ளி பெற்றோரிடம் வந்து, "இப்போ கட்டுங்க, கவர்மென்ட் குடுத்ததும் திருப்பித் தர்றோம்" என்று கேட்கும். கெட்ட எண்ணம் இல்லாமலும் கேட்கலாம். கட்டாதீர்கள். வேறு வழியே இல்லாமல் கட்டினால், எந்தக் கல்வியாண்டுக்கு, எந்தச் செலவுக்கு என்று எழுதிய பள்ளி ரசீது கையில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி இனிஷியல் போட்டுத் தருவது ரசீது அல்ல.

சரி, இந்த இடம் யாருக்கு? "ஏழைகளுக்கான 25 சதவீதம்" என்று எல்லாரும் சொல்கிறோம். தமிழ்நாட்டு விதி அப்படி இல்லை. நலிவடைந்த பிரிவு என்றால் எந்தச் சாதியானாலும் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினர் எல்லாரும் வருகிறார்கள். அவர்களுக்குச் சாதிச் சான்று போதும், வருமான வரம்பு இல்லை. ஆக, மாநிலத்தின் மிகப்பெரும்பாலான குடும்பங்களுக்குத் தகுதி உண்டு. மாடிவீட்டுக்காரர் பிள்ளையும் அவர் வீட்டில் வேலை செய்பவர் பிள்ளையும் ஒரே குலுக்கலில் நிற்கும். இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம். அரசியல் காரணமாக இதை யாரும் தொடப்போவதில்லை. ஆதரவற்ற குழந்தைகள், எச்ஐவி பாதிப்புள்ளோர், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளர் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. அந்தச் சான்று இருந்தால் தயங்காமல் வையுங்கள்.

தகுதி எல்லாருக்கும் இருப்பதால், உண்மையில் வடிகட்டுவது தூரம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். நல்ல பள்ளிகள் நிறைந்த பகுதியில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு நாலைந்து பள்ளிகள் பட்டியலில் வரும். ஊருக்கு வெளியே புறம்போக்கில் குடியிருப்பவருக்கு ஒன்றும் வராது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று இதைச் சொல்வது கொஞ்சம் அதிகம். சுவீடனில் 1992 முதல் நடப்பதுபோலப் பிள்ளையின் கூடவே பணம் போவதும் இங்கே இல்லை. பணம் அந்தப் பள்ளியின் அந்த இருக்கையோடு கட்டப்பட்டது. அப்பாவுக்கு வேலை மாறி திருப்பூர் போனால், திருப்பூரில் இன்னொரு ஆர்டிஇ சீட் கிடைக்காது. சட்டத்தின் 5ஆம் பிரிவு தரும் பள்ளி மாறும் உரிமைகூட அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவதற்குத்தான். உதவி பெறாத தனியார் பள்ளிகளை அது பெயர் சொல்லி விலக்குகிறது. அடிக்கடி ஊர் மாறும் வேலையில் இருப்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

விண்ணப்பம் இணையத்தில்தான். வழக்கமாக ஏப்ரல் கடைசியில் திறந்து மே மூன்றாம் வாரம் வரை இருக்கும். தேதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்கேஜிக்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்து நான்கு முடியாமல் இருக்க வேண்டும், முதல் வகுப்புக்கு ஐந்து முடிந்து ஆறு முடியாமல். அதாவது ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று பிறந்த தேதியை எண்ணுவார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதிதான் மூன்று வயது முடியும் பிள்ளைக்கு இந்த ஆண்டு இடமில்லை, அடுத்த ஆண்டுதான். இதில் கெஞ்சிப் பயனில்லை, கணினியே ஏற்காது.

நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை சின்னச் சின்னத் தவறுகளால் போகின்றன. பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருப்பது மிக அதிகம். பிறந்து ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஏப்ரலில் இதற்கு அலைந்தால் நாள் போதாது, ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் ஆயுள். போன வருஷம் ஸ்காலர்ஷிப்புக்கு எடுத்ததை வைத்தால் தள்ளிவிடுவார்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கான எண் ஆர்இவி-103, சாதிச் சான்றுக்கு 101. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைத் தாண்டி வர நாளாகும்.

முகவரி இன்னொன்று. ரேஷன் கார்டில் மாமனார் வீடு, ஆதாரில் பழைய வாடகை வீடு, குடியிருப்பது வேறெங்கோ என்றால், வரைபடத்தில் எந்த வீட்டைக் குறிக்கிறீர்களோ அந்த வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பள்ளிகள்தான் பட்டியலில் வரும், சான்றும் அந்த வீட்டைத்தான் காட்ட வேண்டும். பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் தன் கடை இருக்கும் இடத்திலேயே புள்ளியை வைத்துவிடுவதும் உண்டு. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறியுங்கள். செல்பேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். குலுக்கல் தேதியும் முடிவும் குறுஞ்செய்தியில்தான் வரும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு, செய்தியே வரவில்லை என்று ஜூனில் அலையும் குடும்பங்கள் ஏராளம். இரண்டு விண்ணப்பம் போட்டால் வாய்ப்பு இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டும் போய்விடும்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக இருந்தால் பள்ளியிலேயே, கல்வித் துறையிலிருந்து ஒருவர் முன்னிலையில் குலுக்கல் நடக்கும். நேரில் போங்கள். போகுமுன் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எத்தனை ஆர்டிஇ இடம் என்று போட்டிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்கேஜியில் 40 பேர் கொண்ட இரண்டு செக்‌ஷன் இருந்தால் 20 இடம் வர வேண்டும். 8 என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்கலாம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, இன்டர்வியூ வைப்பது பிரிவு 13இன்படி குற்றம்: முதல் முறை 25,000 ரூபாய் வரை, பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போலப் பத்து மடங்கு வரை.

சேர்ந்தபிறகு வரும் சண்டை புத்தகம், சீருடை, நோட்டு, "ஆக்டிவிட்டி ஃபீஸ்" பற்றியது. அரசு திருப்பித் தருவது கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், மற்றதைக் கட்டுங்கள் என்று பள்ளி சொல்லும். ஆனால் சட்டம் எந்தக் கட்டணமும் எந்தச் செலவும் பிள்ளைமீது விழக்கூடாது என்கிறது. 2023இல் இப்படி ஒரு வழக்கில், புத்தகம், சீருடை உள்ளிட்ட செலவையும் மாநில அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியும் பல பள்ளிகளில் ஜூன் மாதம் ஒரு நீளமான சீட்டு கைக்கு வருகிறது. வேன் கட்டணம் வேறு விஷயம். வேனில் அனுப்பினால் கட்டத்தான் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு வேன் அவசியமா என்று யோசியுங்கள்.

புகார் என்றால் வாட்சப் குரூப்பில் புலம்புவதை விட்டு எழுத்தில் கொடுங்கள். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், அதைக் கொண்டு பின்தொடரலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். திருப்தியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பள்ளி கொடுத்த செலவுச் சீட்டின் நகலை இணைத்தால் மனுவுக்கு உயிர் வரும். "அதிகக் கட்டணம் கேட்கிறார்கள்" என்று மொட்டையாக எழுதினால், பள்ளி இல்லை என்று ஒரு வரி பதில் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

2025இல் நடந்தது இந்தப் பணக் குழாய் எவ்வளவு ஒல்லியானது என்பதைக் காட்டியது. ஆர்டிஇ செலவு, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் வழியாக மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பகிரப்படுகிறது. தேசிய கல்விக் கொள்கையை உள்ளடக்கிய பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட தமிழ்நாடு மறுத்ததால், அந்த நிதியில் 2024–25க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. அடுத்த ஏப்ரலில் ஆர்டிஇ இணையதளம் திறக்கவே இல்லை. வழக்கு நடந்தது, மத்திய அரசு தரவில்லை என்பதை மாநிலம் காரணம் காட்ட முடியாது என்றும், ஆர்டிஇ பங்கைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை என்றும் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆர்டிஇ பங்கு விடுவிக்கப்பட்டு, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்திருந்தது. ஆகவே, அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே ஃபீஸ் கட்டிச் சேர்ந்திருந்த பிள்ளைகளில் தகுதியுள்ளவர்களை ஆர்டிஇ கணக்கில் கொண்டுவந்து, கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். ஜூனில் கட்ட முடிந்தவர்களுக்கு அக்டோபரில் சலுகை. கட்ட முடியாமல் அரசுப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ விட்டவர்களுக்கு? அவர்களுக்காகத்தான் சட்டமே வந்தது.

இதையெல்லாம் தாண்டி சீட் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பள்ளியைக் குறிக்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று, அந்தப் பள்ளி எத்தனையாவது வகுப்பு வரை இருக்கிறது என்பது. நர்சரி பிரைமரி பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு மெட்ரிக் பள்ளிக்குப் போனால், அங்கே நுழைவு வகுப்பு எல்கேஜி; ஆறில் ஆர்டிஇ இடம் இருக்காது. பத்து ஆண்டு இலவசம் என்று நினைத்தது ஏழு ஆண்டில் முடிகிறது. ஒரே தரத்தில் இரண்டு பள்ளிகள் இருந்தால், எட்டாம் வகுப்பு வரையாவது உள்ள பள்ளியை எடுங்கள்.

எட்டு முடிந்ததும் அடுத்த கேள்வி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம். அங்கே திணறிப்போய்ப் பத்தாம் வகுப்பு நடுவில் பிள்ளையை எடுப்பதைவிட, எட்டு முடிந்ததுமே அரசுப் பள்ளிக்கு மாற்றுவதில் ஒரு லாபமும் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஆர்டிஇயில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதில் வருவார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்திலும் இப்படியே. ஆனால் ஆர்டிஇயில் படித்ததற்கு ஆதாரம் வேண்டும். டிசி வாங்கும் அன்றே, "ஆர்டிஇ 12(1)(சி)இன் கீழ் இந்த வகுப்பிலிருந்து இந்த வகுப்பு வரை படித்தார்" என்று லெட்டர்பேடில் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு சான்று வாங்கிவிடுங்கள். நாலு வருஷம் கழித்து கவுன்சலிங் சமயத்தில் போனால் அந்தப் பள்ளி இருக்குமா என்பதே நிச்சயமில்லை.

ஆர்டிஇ கிடைக்கவில்லை என்றால் நேராகக் கடன் வாங்கத்தான் வேண்டுமா? அரசுப் பணத்தில் ஓடும் இன்னொரு வகைத் தனியார் பள்ளி நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக இங்கே இருக்கிறது: உதவி பெறும் பள்ளி. ஆங்கிலேயர் காலத்தில், 1854இன் உட்ஸ் கல்வி அறிக்கைக்குப் பிறகு வந்த முறை. தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு. 1991–92க்குப் பிறகு தொடங்கிய பள்ளிகளுக்கு உதவி கிடையாது என்பதால் இவை எல்லாமே பழைய பள்ளிகள். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள், தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு. அதனால் ஜூலை முழுக்க இந்தப் பள்ளி ஆசிரியர்களே வீடுவீடாக வருவார்கள். காலை உணவும் இப்போது உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது.

இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. ஒரே வளாகத்தில் தமிழ் வழி செக்‌ஷனுக்கு அரசு உதவி, ஆங்கில வழி செக்‌ஷன் சுயநிதி என்று இருக்கும். பெயர்ப்பலகையில் "அரசு உதவி பெறும்" என்று இருப்பதைப் பார்த்துச் சேர்த்துவிட்டு, டெர்ம் ஃபீஸ் ரசீது வந்தபிறகு முழிக்கிறார்கள். புதுமைப்பெண், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்கள்தான் வருவார்கள்; 7.5 சதவீதத்தில் உதவி பெறும் பள்ளி மாணவர்கள் யாருமே வருவதில்லை. ஆகவே சேர்க்கைப் படிவம் நிரப்புமுன் அலுவலகத்தில் கேளுங்கள்: "சார், இந்த செக்‌ஷன் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" எய்டட் என்றால், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் பிள்ளையின் பயிற்று மொழி தமிழ் என்றே இருக்கிறதா என்று ஜூலைக்குள் பார்த்துவிடுங்கள்.